வேலங்கரையின் மஃப்ளர்காரன்

எங்கள் செம்பாறை நாட்டில் ஒருவனை மானம் போகத் திட்ட வேண்டுமென்றால் அவன் அப்பன் ஆத்தாளையெல்லாம் இழுக்க வேண்டியதில்லை. ‘மஃப்ளர்காரன்’ என்று சொன்னால் போதும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பவன் மஃப்ளர்காரன். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் முதுகுக்குப் பின்னால் நின்று கழுத்தில் மூச்சுவிடுபவன் மஃப்ளர்காரன். நாலாம் வகுப்புச் சமூகவியல் புத்தகத்தில் அவனுக்கு முழுப் பக்கப் படமே உண்டு. தொந்தி, கோணல் சிரிப்பு, தாடையிலிருந்து உச்சந்தலைவரை சுற்றிய சிவப்பு மஃப்ளர், காலடியில் சிதறிக் கிடக்கும் ஏழைகளின் செருப்புகள். கீழே ‘வேலங்கரை நாட்டு அதிகாரி’ என்று அச்சடித்திருப்பார்கள்.

அந்தப் பயல் வேலங்கரைக்காரன் என்பதில் எங்களுக்கெல்லாம் அலாதியான திருப்தி. அவனைப் பற்றி நான் மட்டுமே முப்பது நாற்பது பள்ளிக்கூடங்களில் பேசியிருக்கிறேன். மாலை போட்டு, சோடா கொடுத்து, கைதட்டி அனுப்புவார்கள். என் பெயர் சிற்றம்பலம். ஒப்பீட்டுத் துறையில் மூன்றாம் எண் மையத்தின் தலைமை அலுவலராக இருந்தேன்.

துறையின் பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். செம்பாறையும் வேலங்கரையும் நாற்பது வருடங்களுக்கு முன்னால் ஒரே நாடு. பாகப்பிரிவினையில் உப்பாற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அன்றிலிருந்து இரண்டு நாட்டிலும் தடையில்லாமல் நடக்கும் ஒரே தொழில் ஒப்பிடுவதுதான். தனிநபர் வருமானத்தில் நாங்கள் மேல், ஆயுளில் அவர்கள் மேல். அதனால் எங்கள் ஆண்டறிக்கையில் வருமானம் முதல் பக்கத்தில் வரும், ஆயுள் வரவே வராது. மேம்பாலங்களில் நாங்கள் மேல், பள்ளிக்கூடக் கழிப்பறைகளில் அவர்கள் மேல். கழிப்பறையையெல்லாம் ஒரு மனிதன் எண்ணிக்கொண்டிருப்பானா என்று நான் ஒரு கூட்டத்தில் கேட்டபோது அரங்கமே சிரித்தது. ஆட்சியை எடுத்துக்கொண்டால் போட்டியே கிடையாது. இருபத்திரண்டு வருடமாக எங்களுக்கு ஒரே பிரதமர், அவருக்கும் ஒரே புகைப்படம். அவர்கள் மூன்று வருடத்துக்கு ஒரு தரம் பிரதமரை மாற்றுகிறார்கள். ஒரு தலைவரை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் துப்பில்லாத ஜனங்கள் என்று நான் சொல்லாத மேடை இல்லை.

இப்படி அறிக்கையும் கூட்டமுமாகப் போய்க்கொண்டிருந்த தொழிலுக்குள் பதினொரு வருடங்களுக்கு முன் நாற்காலி வந்து சேர்ந்தது. அமைதி ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. எந்த நாட்டுக் குடிமகனும் வருடத்தில் ஒப்பீட்டு மாதம் என்று குறித்த ஒரு மாதம் மட்டும், மற்ற நாட்டுக்கே போய்விட விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே வாழ்க்கை எப்படி என்று தெரிந்துகொண்ட பிறகே போக வேண்டும். தெரிந்துகொள்வதற்காக ஒரு கம்பெனி இந்த நாற்காலியைச் செய்து கொடுத்தது. அந்த நாட்டில் ஓர் ஆளின் தலையில் மெல்லிய வலைத்தொப்பியை மாட்டி, ஒரு நாள் முழுக்க அவன் பார்த்தது, கேட்டது, முகர்ந்தது, பசித்தது, கால் கடுத்தது எல்லாவற்றையும் பதிவு செய்துவிடுவார்கள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அதே மாதிரித் தொப்பியை மாட்டிக்கொண்டால் இருபது நிமிடத்துக்கு நீங்கள்தான் அந்த ஆள். அவனுடைய ஒரு நாள் இருபது நிமிடமாகச் சுருங்கி உங்களுக்குள் ஓடும். அவனுடைய கோபம்கூட உங்களுக்கு வரும். திரையில் காட்டினால் ஜோடித்தது என்பார்கள். சொந்த முழங்கால் வலிக்கும்போது யார் அப்படிச் சொல்ல முடியும்?

பதினொரு வருடத்தில் என் மையத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர்கூட உப்பாற்றுப் பாலத்தைத் தாண்டவில்லை. வேலங்கரையின் அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்க விடியற்காலையிலிருந்து காத்திருக்கும் ஒருவனின் நாளைத்தான் எல்லோருக்கும் ஓட்டிக் காட்டினோம். வெயில், பசி, மூத்திர நாற்றம், கடைசியில் மஃப்ளர்காரன். அவன் வரிசையைப் பிளந்துகொண்டு நேராக உள்ளே போவான். அதன்பின் சீட்டு தீர்ந்துவிடும். நாற்காலியிலிருந்து எழுந்து வருகிறவர்கள் முதலில் அவனை வண்டை வண்டையாகத் திட்டுவார்கள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அங்கயும் இதே கதிதானா? அப்ப இங்கயே கிடந்து தொலைக்கலாம்” என்பார்கள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதைத்தான் நான் ஆண்டறிக்கையில் ‘நாட்டுப்பற்று’ என்று எழுதினேன்.

நான் அதில் உட்கார்ந்தது கிடையாது. அலுவலர்கள் யாரும் உட்காரக் கூடாது என்று ஒன்பதாம் விதி சொல்கிறது. நடுநிலை கெட்டுவிடுமாம்.

போன வருட ஒப்பீட்டு மாதத்தில் ஒரு நாள் காலையில் மையத்தின் வாசலில் செருப்பு வரிசை தெருமுனைவரை போயிருந்தது. எங்கள் நாட்டில் காத்திருப்பது ஒரு கலை. ஆள் நிற்க வேண்டியதில்லை, செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு வேப்ப மர நிழலில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். செருப்பில்லாதவன் ஒரு கல்லையோ பையையோ வைப்பான். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம். அடுத்தவன் செருப்பை நகர்த்துவது அவன் கழுத்தில் கை வைப்பதற்குச் சமம். யாரும் செய்ய மாட்டார்கள், அலுவலர்களைத் தவிர. வாசலை அடைத்துக்கொண்டு செருப்பை வைத்தால் நான் எப்படி உள்ளே போவது? வலது முழங்காலில் எனக்கு வலி உண்டு. அதனால் இடது காலால் அவற்றை ஒதுக்கிக்கொண்டே, “நகரு, நகரு, நேரமில்ல” என்று சொல்லியபடி போனேன். ஒன்றிரண்டு சாக்கடைப் பக்கம் உருண்டன. மர நிழலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்களே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினோரு மணிவாக்கில் இளவஞ்சி என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் காலர் தைக்கிறவள்.

“காரணம்?” என்றேன், நிமிராமல்.

“பொண்ணுக்கு நெஞ்சுல ஓட்டை சார். ஆதிரைன்னு பேரு, ஏழு வயசு. ஆபரேஷன் பண்ணணும். பெரிய ஆஸ்பத்திரியில வரிசை நம்பர் குடுத்திருக்காங்க. எங்க முறை வர்றதுக்கு ரெண்டேகால் வருஷம் ஆகுமாம்.”

“வருமில்ல? அப்புறம் என்ன?”

“ஒரு வருஷத்துக்கு மேல தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு சார்.”

“வேலங்கரையில மட்டும் என்ன, வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடுறாங்களா? அங்க ஆஸ்பத்திரி லட்சணம் தெரியுமா உனக்கு?”

“தெரியாது சார். அதத்தான் பாக்க வந்தேன்.”

பதில் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. “பாரு, நல்லாப் பாரு” என்று சொல்லி உள்ளே அனுப்பினேன். எங்கள் டெக்னீசியன் ரெஜினால்ட் தொப்பியை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தவள் யாரையும் திட்டவில்லை. அழுதிருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. நான் நீட்டிய படிவத்தை வாங்கவில்லை.

“சார், நான் எப்ப சார் வேலங்கரைக்குப் போனேன்?” என்றாள்.

“என்ன உளர்ற?”

“அதுல நான் நிக்கறேன் சார். மஞ்சச் சுடிதாரு, ரெட்டப் பின்னல். பக்கத்துல எங்கப்பா நிக்கறாரு. அது மாங்குளத்துப்பட்டி பெரிய ஆஸ்பத்திரி சார். எனக்கு அப்பப் பத்தொம்பது வயசு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “ஏம்மா, உலகத்துல ஒரே ஜாடையில ஏழு பேரு இருப்பாங்க. மஞ்சச் சுடிதார் போட்ட பொண்ணு வேலங்கரையில இருக்கக் கூடாதா?”

“செருப்பு?” என்றாள். “எங்கப்பா சைக்கிள் கடை வச்சிருந்தாரு சார். செருப்பு வாரு அறுந்துச்சுன்னா ட்யூபை வெட்டி வாரு போட்டு, அடியில வால்வு நட்டு வச்சு முடுக்கிடுவாரு. உலகத்துலயே அப்படி ஒரு ஜோடிதான் சார் இருந்துச்சு. அன்னைக்கு அப்பாவுக்குத்தான் உடம்பு முடியல, எங்க வரிசைக்கு அதத்தான் வச்சிருந்தோம். அந்த மஃப்ளர்காரன் தள்ளுனதுல ஒண்ணு சாக்கடையில விழுந்துச்சு. அப்பா எடுத்துக் கழுவிட்டு வர்றதுக்குள்ள எங்க முறை தாண்டிப்போச்சு. சீட்டு முடிஞ்சுபோச்சுன்னாங்க. மறுநா ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழம கூட்டிட்டுப் போக அப்பா இல்ல.”

பிறகு சொன்னாள். “இப்பப் பாத்தேன் சார். பதினொரு வருஷம் கழிச்சு. குழாயில செருப்பைக் கழுவிட்டிருந்தாரு.”

ஒரு மனுஷி அப்படிச் சொல்லும்போது தொண்டை அடைக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நாலாயிரம் பேர் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு போனதில் இவள் மட்டும் செருப்பைப் பார்த்தாளாம், நட்டைப் பார்த்தாளாம். ரெஜினால்டைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சுவரில் இருந்த பிரதமர் படத்தைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆட்சேபணைன்னு வந்துட்டா நான் பரிசீலிச்சுதான் எழுதணும். தொப்பியை எடுய்யா, நானே பாக்கறேன்” என்றேன்.

“சார், ஒன்பதாம் விதி…”

“விதியை எனக்கே சொல்லித் தர்றியா?”

அவளைப் பொய்க்காரி என்று நிரூபிக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் போய் உட்கார்ந்தேன்.

என் கைகள் என் கைகளாக இல்லை. கறுத்து, நகத்தில் சுண்ணாம்பு ஏறிய ஒரு பெயிண்டரின் கைகள். வயிறு நேற்று ராத்திரியிலிருந்து காலி. முட்டி இரண்டும் கழன்று விழுவது போல வலித்தது. நிமிர்ந்தால் ‘வேலங்கரை அரசு மருத்துவமனை’ என்று பளபளக்கும் பலகையும் அவர்களுடைய சிவப்புக் கொடியும் தெரிந்தன. பலகை மட்டும்தான் பளபளத்தது. அதன் கீழே இருந்த சுவர், காரை பெயர்ந்து ஆட்டுத்தலை மாதிரித் தெரிந்த அந்த இடம், எனக்குத் தெரிந்த சுவர். மாங்குளத்துப்பட்டியில் நான் ஆறு வருடம் புள்ளிவிவர ஆய்வாளனாகக் குப்பை கொட்டியிருக்கிறேன். எனக்கு முன்னால் தரையில் ட்யூப் வார் போட்ட செருப்பு ஒரு ஜோடி. அதன் பக்கத்தில் மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண். சரி, அவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. அப்போதே எழுந்து வந்திருக்கலாம்.

வெயில் ஏறியது. பின்னால் சலசலப்பு. மர நிழலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். செருப்புகளை ஒதுக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். முகத்தைச் சுற்றி மஃப்ளர், கண்ணும் மூக்கும்தான் வெளியே தெரிந்தன. ஒரு பக்கத் தாடை பலாக்கொட்டை அளவு வீங்கியிருந்தது. மஃப்ளர் சிவப்பில்லை, பச்சை. ஓரத்தில் மஞ்சள் கோடு. கோடு ஓரிடத்தில் பிசகி இரண்டு வரிசை மேலே ஏறியிருந்தது. என் மனைவி முதன்முதலாகப் பின்னப் பழகியபோது செய்த தப்பு அது. பிரித்துப் பின்னிவிடுகிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன்.

“நகரு, நகரு, நேரமில்ல” என்றான் அவன். வீங்கிய வாயிலிருந்து கொழகொழவென்று வந்தது. இடது காலால் தள்ளினான். ட்யூப் வார் செருப்பு உருண்டு சாக்கடையில் விழுந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு மனிதனை அந்த அளவுக்கு வெறுக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்தப் பெயிண்டரின் வெறுப்பு என் வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சுக்கு ஏறியது. அவனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து மிதிக்க வேண்டும் போலிருந்தது. அவனுக்கு ஒரு கடைவாய்ப் பல் வலி, அவ்வளவுதான். அதைப் பிடுங்கிக்கொண்டு கால் மணி நேரத்தில் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சீட்டு கொடுக்கும் ஜன்னல் சாத்தப்பட்டது. கிழவர் ஒருவர் குழாயடியில் குனிந்து செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

தொப்பியைக் கழற்றியபோது ரெஜினால்ட் கேட்டான். “என்ன சார், தாடையைப் பிடிச்சிட்டிருக்கீங்க? பல் வலியா?”

கையை எடுத்தேன். இளவஞ்சி வாசல் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். “எத்தன நாளாய்யா உனக்குத் தெரியும்?”

“போட்ட அன்னைலருந்து சார்” என்றான் ரெஜினால்ட். “பதிவு பண்ண கம்பெனி ஆளுங்க முதல்ல வேலங்கரைக்குத்தான் சார் போனாங்க. அங்க ஆள் கிடைக்கல. ஒருத்தன் ஒரு நாள் வாழ்க்கையை எடுக்கணும்னா கோர்ட்டுல அனுமதி வாங்கணுமாம், எதுக்கு எங்க எப்படிக் காட்டுவீங்கன்னு எழுதித் தரணுமாம். இவனுங்க அலுத்துப்போய் இந்தப் பக்கம் வந்து, ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு ஆளுக்குப் பிரியாணிப் பொட்டலம் வாங்கிக் குடுத்துத் தொப்பியை மாட்டிட்டாங்க. இங்க யாரும் எதுக்குன்னுகூடக் கேக்கல. அப்புறம் பலகையையும் கொடியையும் மட்டும் மாத்தினாங்க. செருப்பை யாரு சார் பாக்கப் போறா?”

“வேலங்கரை ஆஸ்பத்திரி நிஜத்துல எப்படி இருக்கும்?”

“யாருக்குத் தெரியும்? நம்ம துறையில ஒருத்தரும் பாத்தது கிடையாது. இதை விட மோசமாக்கூட இருக்கலாம் சார்.”

பதினொரு வருடமாக இரண்டு நாடுகளை ஒப்பிட்ட துறை எங்களுடையது. எங்களிடம் இருந்தது ஒரே நாடு.

இயக்குநர் நாச்சியப்பனுக்குப் போன் செய்தேன். அவர் ஆச்சரியப்படவேயில்லை.

“அந்தப் பொண்ணுகிட்டக் கையெழுத்து வாங்கியாச்சா?”

“வாங்கல சார். அது போகணும்ங்குது. நாற்காலியில உட்கார்ந்த பிறகும் போகணும்னா அலுவலர் அனுமதிக் கையெழுத்துப் போடணும்னு பதினாலாம் விதி இருக்கு.”

“யோவ் சிற்றம்பலம், அந்த விதி அழகுக்கு வச்சதுய்யா. ஒருத்தி போனான்னா நாளைக்குப் பாலத்துல இடம் பத்தாது. அவளுக்கு என்ன வேணும்? குழந்தைக்கு ஆபரேஷன், அவ்வளவுதான? என் சிபாரிசுக் கடிதம் தர்றேன். புதன்கிழமையே முடிச்சுடச் சொல்றேன். வாயை மூடிட்டு இருக்கச் சொல்லு.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை மறைக்க மாட்டேன். குழந்தையும் பிழைக்கும், துறையும் பிழைக்கும், மஃப்ளர்காரனும் வேலங்கரையிலேயே இருப்பான். இளவஞ்சியை உள்ளே கூப்பிட்டு, ஏதோ என் சொந்தச் சொத்தை எழுதிக் கொடுப்பது போலச் சொன்னேன்.

அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

“ரெண்டேகால் வருஷ வரிசை சார் அது. புதன்கிழமைக்கு வேற ஒரு குழந்தைக்கு நாள் குறிச்சிருப்பாங்கல்ல?”

“அது எதுக்கும்மா உனக்கு? உம் பொண்ணு பிழைக்கட்டும்.”

“பிழைக்கணும் சார். அதுக்காக எது வேணாலும் செய்வேன். அடுத்தவங்க செருப்பைத் தள்ளணும்னாலும் தள்ளிருவேன், பொய் சொல்ல மாட்டேன்.” அவள் குரல் உடைந்து, மறுபடி நேரானது. “ஆனா உங்க பெரியவரு கடிதத்தோட நான் புதன்கிழம போய் நிப்பேன். செவ்வாக்கிழமையே அவரைவிடப் பெரியவரு ஒருத்தரு கடிதம் வந்திருக்கும். அப்ப எம் பொண்ணு செருப்பு சாக்கடையில கிடக்கும். எனக்குத் தெரியும் சார், நான் பாத்துட்டுத்தான வந்தேன். அங்க எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. இங்க எப்படின்னு தெரியும். கையெழுத்துப் போடுங்க.”

“அங்க இதைவிட மோசமா இருந்தா?”

“இருந்தா அங்க உள்ளவங்ககிட்டச் சண்டை போட்டுக்கறேன்.”

போன் மணி அடித்தது. நாச்சியப்பனாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை. பதினொரு வருடமாக யாரும் தொடாத அனுமதிப் படிவத்தைத் தேடி ரெஜினால்ட் பீரோவைக் குடைந்தான். ஒரு மூலையில் கரையான் அரித்திருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அந்த ஆள் நான்தானம்மா. ஐந்து சொல் கூட இல்லை. மேடையில் இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிற வாய் இது. வரவில்லை. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி நீட்டினேன். வேறு எதுவும் செய்யவில்லை. இதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இளவஞ்சி வாசலில் தன் செருப்பைத் தேடினாள். ஒன்று வரிசையிலேயே இருந்தது. இன்னொன்று சாக்கடை ஓரத்தில் கிடந்தது. குனிந்து எடுத்து, தெருக்குழாயில் கழுவினாள். உதறிப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். நான் நகர்ந்துகொண்டேன்.

அடுத்த வாரம் அவள் குழந்தையோடு பாலத்தைத் தாண்டினாள். அதற்கடுத்த வாரம் என்னைப் பாடநூல் துறைக்கு மாற்றினார்கள். தண்டனை இல்லையாம், ‘பொது நலன் கருதி’யாம். பிழை திருத்துவது வேலை. ஒரு மாதத்தில் ரெஜினால்டும் வந்து சேர்ந்தான், அட்டைப்பெட்டி கட்ட. மூன்றாம் எண் மையத்தில் இப்போது புதிய அலுவலர், அதே நாற்காலி. கூட்டம் குறையவில்லை என்று கேள்வி. ஒப்பீட்டு மாதத்தில் தினமும் மஃப்ளர்காரனுக்குக் குறைந்தது பத்துப் பேராவது சாபம் கொடுப்பார்கள், அது இங்கே உட்கார்ந்திருக்கும் எனக்கு வந்து சேர்கிறதா என்று தெரியாது. பல் மட்டும் அவ்வப்போது வலிக்கிறது, பிடுங்கிய பல்.

நாலு மாதம் கழித்து வேலங்கரை முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. மைய முகவரிக்கு எழுதி, அங்கிருந்து பிரித்துப் படித்து, ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

‘சார் அவர்களுக்கு, இளவஞ்சி எழுதுவது. ஆதிரைக்கு ஒம்பதாம் தேதின்னு நாள் குறிச்சாங்க. ஒம்பதாம் தேதியே ஆபரேஷன் முடிஞ்சது. இப்போ ஓடுறா. இங்கயும் எல்லாம் சொர்க்கம் இல்ல சார். தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருது, வாடகை கழுத்தைப் பிடிக்குது, ஜனங்க எந்நேரமும் எதாவது போராட்டம்னு கத்திட்டே இருக்காங்க. ஆஸ்பத்திரியில வரிசையும் இருக்கு. ஆனா உட்கார பெஞ்சு போட்டிருக்காங்க. செருப்பைக் கழட்டி வச்சேன், எதுக்கும்மா கழட்டுறீங்கன்னு கேட்டாங்க.

குடியுரிமை தர்றதுக்கு முன்னாடி இங்கயும் என்னை நாற்காலியில உக்கார வச்சாங்க. செம்பாறை எப்படின்னு காட்டுறாங்களாம். அதே பதிவுதான் சார். பலகையில மாங்குளத்துப்பட்டின்னு சரியாப் போட்டிருந்துச்சு. அப்பாவை இன்னொரு தரம் பாத்தேன். இங்க இருக்கற அம்மா அதிகாரி ஒருத்தங்க, இது நிஜமா, எங்க ஆளுங்க ஒருத்தரும் நம்புறதில்ல, அரசாங்கம் ஜோடிச்சதுன்னு சொல்றாங்க, ஒரு நாடு இப்படி இருக்குமான்னு கேட்டாங்க. நிஜம்தான்னேன். அந்த மஃப்ளர் போட்ட ஆளு யாருன்னு தெரியுமான்னு கேட்டாங்க. அவருதான் எனக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாருன்னு சொன்னேன். அதை மட்டும் அவங்க நம்பல.’

கடிதத்தை மடித்து வைத்தேன். அன்றைக்கு என் மேசையில் நாலாம் வகுப்புச் சமூகவியலின் அச்சுப்படி கிடந்தது, புதிய பதிப்பு. அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். தொந்தி, கோணல் சிரிப்பு, சிவப்பு மஃப்ளர். ‘வேலங்கரை’ என்ற சொல்லை அடித்தேன். மஃப்ளரைச் சுற்றி வட்டம் போட்டு, நிறம் தவறு, பச்சை என்று ஓரத்தில் எழுதினேன். மஞ்சள் கோடு ஓரிடத்தில் இரண்டு வரிசை மேலே ஏறியிருக்க வேண்டும் என்றும் எழுதினேன். திருத்தியவர் பெயர் என்ற இடத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.